மர்யம் அத்தியாயம்: வெளியாள் ஒருவரின் வாசிப்பு

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இஸ்லாமிய நண்பர் ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். அப்துல் ஹமீது பாகவியின் தமிழ்க் குர்ஆனை எனக்குப் படிக்கத் தந்தபோது, “கை கழுவிவிட்டுத் தொடுங்கள், ஐயா” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 1949-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. நம்மில் எவரும் முதலில் தேடக்கூடிய 19-ஆம் அத்தியாயத்தையே நானும் தேடினேன். அதன் பெயர் மர்யம்.

லூக்கா நற்செய்தியைப் போலவே முதலில் முதியவர் செக்கரியாவின் மன்றாட்டு; பிறகு கன்னிக்கு வந்த செய்தி. ‘நம்முடையதுதானே!’ என்று உள்ளம் துள்ளுகிறது. ஆனால் யோசேப்பு இல்லை; தீவனத் தொட்டியும் இல்லை. பேரீச்ச மரத்தடியில் தனியே துடித்து, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று கலங்கும் அன்னையைக் காண்கிறோம். பேறுகால வேதனை அன்னையைத் தீண்டவில்லை என்னும் மரபில் வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியே. அன்னைக்குக் கனி தந்த பேரீச்சையின் கதை நம் திருமுறையில் சேராத பழைய ஏடொன்றிலும் உண்டு. ஆகவே இது இரவல் என்று சொல்லி நூலை மூடிவிடுவோர் உளர். துணையற்ற பெண்ணுக்கு இறைவன் நீரும் கனியும் தந்து தேற்றுகிறான் என்பதை அவர்கள் படிப்பதே இல்லை.

கிறிஸ்தவமல்லாச் சமயங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கை, இஸ்லாமியர் இயேசுவைக் கடவுளாக ஏற்காவிடினும் இறைவாக்கினராக மதிக்கின்றனர், அவருடைய கன்னித்தாயைப் போற்றுகின்றனர் என்கிறது. ஏற்காமையை அது மறைக்கவில்லை. நம் நல்லிணக்க மேடைகளோ பேரீச்ச மரத்தோடு நின்றுவிடுகின்றன. அதனை மரியாதை என்றெண்ண எனக்கு மனம் வரவில்லை. 35-ஆம் வசனமும், 88 முதல் 92 வரையுள்ள வசனங்களும் இறைவனுக்கு மகன் உண்டென்பதை மறுக்கின்றன. பின்னவை மிகக் கடுமையாகவே.

தமிழில் படித்தபோது, 35-ஆம் வசனம் கதையின் நடுவே வந்து விழுந்த வாதமாகவே தோன்றிற்று. நண்பரை அரபியில் ஓதச் சொன்னேன். இரண்டாம் வசனம் முதற்கொண்டு பெரும்பாலும் ‘இய்யா’ என முடியும் இயைபு, 34-இல் திடீரென மாறி ‘ஊன்’, ‘ஈம்’ என்றாகிறது. 41-இல் ஆபிரகாமின் வரலாறு தொடங்கும்போது பழைய ஓசை மீள்கிறது. கதை நின்று தீர்ப்பு பேசுவதைச் செவியே உணர்ந்துவிடுகிறது. பாகவியின் தமிழ் உரைநடைக்கு அது எட்டவில்லை. எந்த உரைநடைக்குத்தான் எட்டும்?

என் விசுவாசம் மறுக்கப்படுவதை அவ்வளவு அழகிய ஓசையில் கேட்பது எனக்கு எளிதாயில்லை. மீண்டும் ஒருமுறை ஓதச் சொன்னேன்.