குளித்த தண்ணீர் கழிப்பறைக்கு: எம்.பி.ஆர். பெட்டி குறிஞ்சிப்பாடிக்குத் தோதா?

வாளியில் பிடித்துப் பார்த்தால் அடி தெரிகிறது, சோப்பு வாடை இல்லை. உள்ளே போனது குளியலறைத் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும். மெம்பிரேன் பயோரியாக்டர், சுருக்கமாக எம்.பி.ஆர்., தண்ணீரைத் தெளியவைக்கிறதா என்றால், சந்தேகமே இல்லை. அதைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு.

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியில் உறவினர் வீட்டுக் கொல்லையில் ஓட்டிப் பார்த்தது, பிராண்ட் பெயர் இல்லாமல் கோத்துக் கொடுத்த ஒரு யூனிட். நாளைக்கு 300 லிட்டர். முதல் தொட்டியில் முடியையும் நூலையும் பிடிக்கும் சல்லடை. அடுத்ததில் பாக்டீரியா வளரும் பழுப்புக் கலவை, அதற்குள் ஏ4 தாள் அளவில் 12 மெம்பிரேன் தட்டுகள். துளை 0.1 மைக்ரான். ஈ.கோலை அரை மைக்ரான் தடிமன், அதனால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில வைரஸ்கள் தப்பிவிடலாம் என்பதால் கடைசியில் குளோரின் அவசியம். அடியிலிருந்து ஏர் பம்பு விடும் குமிழிகள் பாக்டீரியாவுக்குக் காற்றும் தருகின்றன, தட்டில் ஒட்டும் அழுக்கையும் உரசித் தள்ளுகின்றன. மெம்பிரேனை இப்படித் தொட்டிக்குள்ளேயே மூழ்கவைக்கும் முறையை 1989-ல் முன்வைத்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுவோ யமமோட்டோ. அதற்கு முன் வெளியே வைத்து அழுத்தம் கொடுத்துத் தள்ளினார்கள், கரண்ட் எகிறியது.

இந்தச் சின்னப் பெட்டியிலும் கரண்ட்தான் இடிக்கிறது. 60 வாட் ஏர் பம்பு இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86. வீட்டுக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதி பம்புக்கே சரி. ஆயிரம் லிட்டருக்கு 4.8 யூனிட். பெரிய நிலையங்களில் சுமார் ஒரு யூனிட்டில் வேலை முடிந்துவிடும். சில மணி நேரம் பம்பு நின்றால் பரவாயில்லை. நாள்கணக்கில் நின்றால் தொட்டி சாக்கடையாக நாறும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்த பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்ததைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

யூனிட்டைத் திணறடித்தது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து இறங்கியதும் வேக்குவம் கேஜின் முள் மளமளவென ஏறியது, வெளிவரும் தண்ணீர் நூலாக மெலிந்தது. தட்டை உருவிப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம், அதில் மிளகுப்பொடி தூவியதுபோல் சீயக்காய்த் துகள். ஹோஸால் பீய்ச்சியும் போகவில்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்த பிறகுதான் தேறியது. இந்தப் பெட்டி உள்ள வீட்டில் சனிக்கிழமைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும். விற்பனைத் துண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் வைத்தால் கிட்டத்தட்ட ஒரே எண். சலவைத்தூளின் சோடியம் கரைந்த உப்பு, இந்த மெம்பிரேன் அதைத் தடுக்காது. ஃபிளஷுக்குக் கவலையில்லை. மல்லிகைச் செடிக்குத் தினமும் இதையே ஊற்றினால் போகப் போக மண் இறுகும்.

தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பது நியாயம்தான். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றுகிற வட்டாரம் இது. ஆனால் கொல்லை உள்ள வீட்டுக்குச் சுலபமான வழி உண்டு. சென்னை அடுக்குமாடிகளில் குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு மண்ணுக்குள் இறக்கும் முறையைப் பரப்பியவர் இந்துகாந்த் ராகடே. அதற்கு மோட்டாரும் வேண்டாம், மெம்பிரேனும் வேண்டாம். ஃபிளஷுக்குத் தண்ணீர் நேரே கிடைக்காது, நிலத்தடிக்குப் போய்ச் சேரும்.

ஆக, குறிஞ்சிப்பாடித் தனிவீட்டுக்கு எம்.பி.ஆர். தேவையில்லை. கையளவு மண்கூட இல்லாத அடுக்குமாடியில் பல வீடுகள் சேர்ந்து ஒன்று போட்டால் கட்டுப்படியாகும். அப்போதும் மாற்றுத் தட்டு எங்கே கிடைக்கும், சர்வீஸுக்கு யார் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.