பறக்கத் தெரியாத சூப்பர்மேன்!

அந்த அட்டையை ஒரு தடவை பாருங்களேன்! பச்சைக் கலர் காரை ஒருத்தன் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் மோதுகிறான், சக்கரம் கழன்று ஓடுகிறது, இடது ஓரத்தில் ஓர் ஆள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி நம்மைப் பார்த்தே ஓடி வருகிறான். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். ஜூன் 1938, விலை 10 சென்ட். என்னிடம் இருப்பது மறுபதிப்புதான் (அசல் பிரதி ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது!). இருக்கட்டுமே, அட்டையைத் திருப்புவதற்குள் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது தெரியுமா? ஒரே தாவலில் ஒரு ஃபர்லாங் போவான், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான், எக்ஸ்பிரஸ் ரயிலை முந்துவான், அவ்வளவுதான். கிரிப்டான் என்ற பெயர்கூட இன்னும் வரவில்லை. பிறந்த கதை, வளர்ந்த கதை எல்லாம் முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கு தூக்கவில்லையா, வெட்டுக்கிளி தாவவில்லையா என்று அவன் பலத்துக்கு விளக்கம் வேறு!

அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு, கட்டிப்போட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடுகிறான், யார், எதற்கு, ஒன்றும் சொல்லாமல் நேராக கவர்னர் வீட்டுக்கே போய் நிற்கிறான், வேலைக்காரர் எழுப்ப மாட்டேன் என்கிறார், கதவு உடைகிறது, வேலைக்காரரையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான், படுக்கையறையின் இரும்புக் கதவு பிய்ந்து வருகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, குண்டு அவன் மேல் பட்டுத் தெறிக்கிறது, அந்தக் கட்டிப்போட்ட பெண் செய்த கொலைக்காகச் சிறையில் ஒரு நிரபராதிப் பெண்ணுக்கு மின்சார நாற்காலி தயாராகிக்கொண்டிருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, கவர்னர் போனை எடுக்கிறார், அப்பாடா, பிழைத்துவிட்டாள்! நான் எழுந்து நின்றே படித்தேன், உட்கார முடியவில்லை.

மூச்சு வாங்குவதற்குள் பெண்டாட்டியை அடிக்கும் ஒருத்தனை சுவரோடு சேர்த்து வீசுகிறான். அந்த ஆள் கத்தியால் குத்த, கத்திதான் ஒடிகிறது. பிறகு நிருபர் லோயிஸ் வருகிறாள்! வம்பு பண்ணும் ரவுடியின் கன்னத்தில் அவளே பளாரென்று ஒன்று விடுகிறாள், பக்கத்தில் கிளார்க் என்ற பெயரில் பயந்தாங்கொள்ளியாக நடிக்கும் சூப்பர்மேனுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. ரவுடிக் கூட்டம் அவளைக் காரில் கடத்துகிறது. அட்டையில் பார்த்தோமே, அதே கார்! துரத்திப் பிடித்து, உள்ளே இருப்பவர்களை உலுக்கிக் கொட்டிவிட்டு, காரை நொறுக்கி, ரவுடியைத் தந்திக் கம்பத்தில் தொங்கவிடுகிறான் பாருங்கள், கைதட்டிவிட்டேன்! கடைசியில் வாஷிங்டனுக்குப் போய், ஒரு செனட்டரை விலைக்கு வாங்கப் பார்க்கும் தரகனைத் தூக்கிக்கொண்டு டெலிபோன் கம்பிமேல் ஓடுகிறான், அவன் அலற அலற, கம்பத்தைத் தொடாதவரை குருவிக்கு ஷாக் அடிக்காதே என்று பாடம் நடத்திக்கொண்டே! அங்கேயே 'தொடரும்' போட்டுவிட்டார்கள். 1938-இல் அந்தப் பிள்ளைகள் ஒரு மாதம் எப்படித்தான் காத்திருந்தார்களோ!

யோசித்துப் பாருங்கள், அந்நியக் கிரகத்து வில்லன் ஒருத்தன்கூட இல்லை. தப்பான தீர்ப்பு, பெண்டாட்டியை அடிப்பவன், ரவுடி, லஞ்சம். சாதாரண ஜனங்களை அன்றாடம் வதைத்த விஷயங்களோடுதான் அவன் மோதுகிறான். எழுதிய ஜெர்ரி சீகலுக்கும் வரைந்த ஜோ ஷுஸ்டருக்கும் அப்போது வயது 23, கிளீவ்லாந்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய துண்டுக் கதைகளை வெட்டி ஒட்டித்தான் இந்த 13 பக்கத்தை உருவாக்கினார்கள். அதனால்தான் அந்தத் திடீர் ஆரம்பம். விட்டுப்போன முன்கதை 1939-இல் 'சூப்பர்மேன்' முதல் இதழில் வந்தது. எனக்கென்னவோ இந்தப் பாய்ச்சல்தான் பிடித்திருக்கிறது. சூப்பர்மேன் உரிமைக்காக அந்த இருவருக்கும் கிடைத்தது வெறும் 130 டாலர், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மந்திரவாதி ஜடாரா, மார்க்கோ போலோ என்று மற்ற கதைகளும் உண்டு. கொஞ்சம் நிதானமான ஓட்டம்தான், ஆனால் ஜடாராவின் ரயில் கொள்ளைக் கதையை விட்டுவிடாதீர்கள். மறுபதிப்பு கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள், அந்த 13 பக்கத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள்!