'நீ அவங்க ஆள் இல்ல'

எலியா கஸான் இயக்கி 1947-இல் வந்த 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமெண்ட்' படத்தில், யூத வெறுப்பைப் பற்றி எழுதுவதற்காக ஒரு பத்திரிகையாளன் சில வாரங்கள் யூதனாக நடிக்கிறான். கிரிகரி பெக் நடித்த வேடம். பெரிய மனுஷங்க எழுதிவைக்காமல் காப்பாற்றும் ஏற்பாட்டைத்தான் தலைப்பு சொல்கிறது. யூதருக்கு வீடும் ஓட்டல் அறையும் கிடைக்காது. ஆனால் எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்காது.

எங்கள் உத்திரமேரூரில் ஒருகாலத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். குடவோலையில் பெயர் வர சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும் என்கின்றன பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஜனநாயகம் என்று பெருமைப்படுகிறோம். வெளியே நின்றவர் யாரென்றும் அதே கல்லில் தெரிகிறது. இன்று சட்டப்படி அப்படி எழுத முடியாது. வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க எந்தப் பக்கம்?" என்று மட்டும் விசாரிப்பார்கள். கஸான் காட்டுவது இந்த வகையைத்தான்.

நாயகனின் மகனைப் பையன்கள் யூதன் என்று ஏசுகிறார்கள். அவன் அழுதுகொண்டு வருகிறான். நாயகனின் காதலி கேத்தி அவனை அணைத்து, அது உண்மையில்லை, நீ யூதனே இல்லை என்கிறாள். நாயகனுக்குக் கோபம் வருகிறது. அப்போ உண்மையாவே யூதனாப் பிறந்த பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது?

நம் 'மதுரை வீரன்' (1956) அந்தத் தேறுதலையே கதையாக்கியது. செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்த எம்.ஜி.ஆர்., பிறப்பால் அரசகுமாரன். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் வீரன் என்று காட்டிவிட்டு, அவன் உண்மையில் அவங்க ஆள் இல்லை என்றும் படம் சொல்லிவிடுகிறது.

கஸான் படத்துக்கும் இதே நோய் உண்டு. நாயகன் வேடத்தைக் கழற்றிவிடலாம். வேலைக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட யூதப் பெண்ணான அவனுடைய செயலாளருக்கு அந்த வசதி கிடையாது. கதை அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தேறுதலில் உள்ள அவமானத்தைப் படம் பார்த்துவிடுகிறது. 'மதுரை வீரன்' பார்க்கவில்லை.

கேத்தி கெட்டவள் இல்லை. விருந்தில் ஒருவன் யூதரை இழிவாகப் பேசியபோது உள்ளுக்குள் கொதித்தாள், வாயைத் திறக்கவில்லை. நீ என்ன செய்தாய் என்று நாயகனின் யூத நண்பன் டேவ் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கடைசியில் தன் வீட்டில் அவனையே குடிவைக்கிறாள். அக்கம்பக்கத்தாரைச் சமாளிக்கத் தானும் பக்கத்திலேயே இருக்க முடிவெடுக்கிறாள். இவ்வளவுதானா என்று தோன்றும். சாதி கேட்டே வீடு மறுக்கப்பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்க, இவ்வளவுதானா என்று.