யவனர் தேறலுக்குத் தொட்டுக்க என்ன?

போர்ச்சுகலின் வடமேற்கில் விளையும் வின்யோ வெர்டே வெள்ளை ஒயின் பாட்டிலைத் திருப்பினால், பின்பக்க லேபிளில் பலசமயம் ரெண்டு விஷயம் இருக்கும். செயற்கைப் பூச்சிமருந்து அடிக்காத திராட்சை என்றால் அதற்கான ஆர்கானிக் முத்திரை. அடுத்து, எதோடு குடிக்கலாம் என்ற குறிப்பு: சுட்ட மீன், சிப்பி, இறால். புளிப்பான ஒயின் மீனின் எண்ணெய்ப்பசையை நாக்கிலிருந்து கழுவிவிடும் என்பது கணக்கு.

இதே கேள்வியோடு சங்கப் பாடல்களைப் படித்துப் பாருங்க. புறநானூறு 56-இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, தினமும் குடித்து இன்பமாய் இரு என்கிறார். ‘தமிழ் மன்னன் இத்தாலி ஒயின் குடித்தான்’ என்று இணையத்தில் சுற்றும் பெருமைக்கெல்லாம் இந்தப் பாட்டுதான் ஆதாரம். சரி, தொட்டுக்க என்ன? பாட்டில் ஒன்றுமே இல்லை. குளிர்ச்சி உண்டு, மணம் உண்டு, பொன் உண்டு, வளையல் உண்டு. ருசி மட்டும் இல்லை.

சிறுபாணாற்றுப்படைக்கு வாங்க. எயிற்பட்டினத்தில், நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய தேறலோடு சுட்ட குழல்மீன் கருவாடு கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படையில், பெண்கள் சமைத்த முதிர்ந்த கள்ளோடு, குழியில் பலநாள் அடைத்து வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த கறி. உப்புக்கும் கொழுப்புக்கும் புளித்த பானம். லேபிள் எழுதுகிறவர்களின் அதே கணக்குதான்.

‘ஆற்றுப்படை என்றாலே விருந்தைப் பட்டியல் போடும் வகை, புறம் 56 அரசவாழ்த்து. ரெண்டையும் எப்படி ஒப்பிடலாம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வேறுபாடே ஒரு தகவல். ஆற்றுப்படை, பசித்த பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. போகிற வழியில் நிஜமாகக் கிடைக்கக்கூடியதைத்தான் அது சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ரெண்டு இடத்திலும் யவனர் சரக்கு இல்லை.

மற்ற சான்றுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. முசிறிக்கு வந்த இறக்குமதியில் ஒயின் அதிகமில்லை என்கிறது பெரிப்ளஸ். 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணி ஒயின் ஜாடி உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். அதைப் போலி செய்யும் செய்முறையையே ரோமானியர் கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். அந்த உப்புக்கரிப்பு தமிழன் நாக்குக்குப் பிடித்ததா என்று புறம் 56 சொல்வதில்லை. எங்க மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளிவெட்டு. வெட்டியவருக்கு வேண்டியது தங்கம்; ரோமானிய முகம் இல்லை.

என் வாசிப்பு இதுதான்: புறம் 56-இல் யவனர் தேறல் ஒரு பானமாக வரவில்லை, ஓர் அந்தஸ்தாக வருகிறது. உணவோடு சேர்ந்த பானம்தான் வாழ்க்கைக்குள் நுழைந்த பானம். இன்னொன்றும் கவனிக்கணும். யவனர் தேறலைப் பெண்கள் ஊற்றிக் கொடுக்கிறார்கள். உள்ளூர்த் தேறலைப் பெண்களே தயாரிக்கிறார்கள். இத்தாலியைச் சொல்லிப் பெருமைப்படும்போது நாம் தாண்டிப்போவது அந்தக் கைத்திறனை. ‘பழந்தமிழர் குடி’ என்று அடுத்த கட்டுரை எழுதுகிறவர், பொற்கலத்தை விட்டுவிட்டு அந்தக் கருவாட்டிலிருந்து தொடங்கலாம்.