அல்ஜஸரீயின் நூலும் பள்ளிவாசல் கடிகாரமும்

ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) அல்ஜஸரீ எழுதி முடித்த பொறிக்கலை நூல் 50 கருவிகளை விளக்குவது, அர்துகீ மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்தால் எழுந்தது. 1974இல் டொனால்டு ஹில் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1979இல் அரபு மூலம் அலெப்போவில் பதிப்பிக்கப்பெற்றது. யானையும் மயிலும் அசையும் வேடிக்கைப் பொறிகளுக்காகவே பலரும் இந்நூலைப் புகழ்வர். அப்புகழ் நூலின் உயிரைத் தொடவில்லை.

அல்ஜஸரீ எதனையும் சோதியாமல் ஏற்றவரல்லர். நீர்க்கடிகாரத்தின் நீரோட்டத்தைச் சீர்செய்ய முன்னோர் அமைத்த கருவிகளை ஆராய்ந்தார், பிழை கண்டார், தாமே வேறொன்று செய்தார். உறுப்புகளின் அளவையும் அமைப்பையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அதனாலன்றோ 770 ஆண்டுகளுக்குப் பின், 1976இல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய கோட்டைக் கடிகாரத்தை மீண்டும் இயக்கிக்காட்ட முடிந்தது! மதுவிருந்துக் கலங்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியது மட்டும் நமக்கு உவப்பன்று.

அவர் காட்டிய அளவுகோலால் நம் கடிகாரங்களையும் அளந்து பார்க்கலாம். போடிநாயக்கனூரில் மேற்கே மலை நிற்பதால், கதிரவன் மெய்யாக அடையும் முன்னரே கண்ணுக்கு மறைந்துவிடுகிறான். அது மஃரிப் அன்று. ஆகவே, கணக்கிட்டு வக்து காட்டும் மின்னணுக் கடிகாரம் இங்கே பேருதவி. சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும் ஊசல் கடிகாரத்தைவிட அது துல்லியமானதும்கூட.

ஆனால், நின்ற ஊசல் தன் பழுதைத் தானே சொல்லிவிடும். மின்னணுக் கடிகாரமோ பிழையான எண்ணையும் அதே ஒளியுடன் காட்டும். ஒரு ரமலானில், இடிமழையில் மின்சாரம் போய்வந்தபின், நான் தொழுத பள்ளிவாசலின் கடிகாரம் மஃரிபை முந்திக் காட்டியது. கீழ்வானில் இருள் ஏறாததைக் கண்ட முதிய மோதினார் பாங்கு சொல்லாமல் நின்றார். ஜமாஅத்தார் அனைவரின் நோன்பும் அன்று அவர் கண்ணால் காக்கப்பட்டது.

காவலிலும் வேறுபாடு உண்டு. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்ப ஏணி வேண்டும்; நாலு பேர் பார்ப்பர். கைப்பேசியால் திருத்தும் கடிகாரத்தையோ கடவுச்சொல் அறிந்த எவரும் ஓசையின்றி மாற்றலாம். வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லை மாற்றாது விடுதல், கதவைப் பூட்டிச் சாவியை வாசலில் தொங்கவிடுதல் போலாம்.

புதுக்கருவியை விலக்குக என்பதன்று என் வாதம். அல்ஜஸரீயே புதுமை செய்தவர். மின்சாரம் போய்வந்த ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைச் சரிபார்ப்போம், கடவுச்சொல்லை மாற்றுவோம், வானம் பார்த்து வக்து அறியும் கலையை இரண்டு இளைஞருக்கேனும் கற்பிப்போம். அந்நூல் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.