பாதிப் படம் கட்டிலுக்கு அடியில்

ஆயிரம் துண்டு ஜிக்சாவைச் சேர்த்து முடித்தால் ஏறக்குறைய 70-க்கு 50 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு பெரிய மேசையை ஒரு வாரம் யாரும் தொடாமல் விட்டுவைக்கக் காயல்பட்டினத்து வீட்டில் முடியுமா? முடுக்கு வழியாக சாச்சி வருவார், மாமி வருவார், அவர்கள் இடுப்பிலிருந்து பிள்ளைகள் இறங்கும். ஹாங்காங்கிலிருந்து லீவில் வரும் காக்கா ஆசையாக வாங்கி வந்த பெட்டி இரண்டாம் நாளே பரண் ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஜிக்சாவின் ருசி அதைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் புதுக் கண்ணோடு பார்ப்பதில்தான் இருக்கிறது. அதற்குப் பாதிப் படத்தைப் பத்திரமாக வைக்கத் தெரிய வேண்டும்.

கேரம் போர்டை இறக்குங்கள். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். படத்தை நடுவில் வைத்தால் மேலும் கீழும் 12 சென்டிமீட்டர் மிஞ்சும். கையில் எடுத்த உதிரிகளை அங்கே பரப்பலாம். சுற்றிலும் மரச்சட்டம் இருப்பதால் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது எதுவும் சிதறாது. மூலைக்கு ஓடும் துண்டு வலைக்குள் விழுந்து கிடக்கும். பவுடரைத் துடைத்து, பழைய சாரம் ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரித்த பிறகே தொடங்குங்கள். இல்லையென்றால் போர்டு கொஞ்சம் சாய்ந்ததும் பாதி வானம் ஸ்ட்ரைக்கர் மாதிரி ஓடும்.

சுருட்டி வைக்கும் ஃபெல்ட் விரிப்புகள் கடையில் கிடைக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. இறுக்கமாக வெட்டிய படம் தாங்கும். தளர்வாக வெட்டியது விரிக்கும்போதே மேலெழும்பிவிடும். நம்மூர்ப் பக்கத்துப் பத்தமடைப் பாயிலும் சுருட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், கோரை வழுக்கும்.

தனியாகச் சேர்த்த ஒரு பகுதியை இடம் மாற்றுவதற்குத் தினசரி காலண்டரின் அட்டையைவிட நல்ல கருவி இல்லை. விளிம்பை மேசையோடு ஒட்டிவைத்து, துண்டுகளை மெல்ல அதன்மேல் இழுத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்ணைத் துண்டுகளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். சரியாகப் பொருந்தியவை ஒரே தகடாக நகரும். தப்பாக மாட்டியது ஒரு மயிரிழை உயர்ந்தோ, ஓரத்தில் இடைவெளி காட்டியோ நிற்கும். நீல வானத்திலும் கடலிலும் இப்படிப் பொய்யாகப் பொருந்துபவை அதிகம். நிறம் காட்டிக்கொடுக்காததை நகர்வு காட்டிக்கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்கும் கணம், கடைசித் துண்டை வைப்பதைவிட ருசியானது என்பேன்.

மறுநாள் போர்டை வெளியே இழுக்கும்போது, கவிழ்க்காமல், படத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரும்படி சுற்றி வையுங்கள். கப்பல் கப்பலாகத் தெரியாது. நிறமும் வளைவும் மட்டும் தெரியும். நேற்று அரைமணி நேரம் தேடிய துண்டு பல சமயம் அப்போதுதான் கண்ணில் படும்.

வைக்கும் இடத்தைப் பற்றிய கவலை இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760-களில் நாடுகளின் எல்லையோரமாக மர வரைபடங்களை அறுத்து விற்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளை வளர்த்த சார்லட் ஃபிஞ்ச் சீமாட்டி, இப்படிப்பட்ட வரைபடங்களை இழுப்பறை வைத்த மரப்பேழைகளில் அடுக்கி வைத்திருந்தார். நம் கையில் இருப்பது மரமல்ல, அட்டை. கடற்காற்றில் ஈரம் ஏறினால் உப்பும். சரியான துண்டே உள்ளே இறங்க முரண்டும். அமுக்காதீர்கள். பிளாஸ்டிக் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். செய்தித்தாள் இரண்டு மடிப்பு போதும்.

ஐப்பசி பிறந்தால் கட்டிலடியை நம்ப வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. போர்டு மாடிக்குப் போகட்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படியில் கீழே இருப்பவர் தன் பக்கத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கல்யாணம் வந்தால் மாடியிலும் இடம் இருக்காது. முடுக்கின் அகலத்தை முதலில் அளந்துகொண்டு, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். திரும்பி வரும்போது நாலைந்து துண்டு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். யார் கைவைத்தது என்று விசாரிக்க வேண்டாம், காலண்டர் அட்டையை அடியில் விட்டு நகர்த்திப் பாருங்கள்.