தோன்றா எழுவாய்

மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றி உழவர்களுக்கு வழங்கப்படும் துண்டறிக்கைகளை நான் தமிழாசிரியராக வாசிக்கிறேன். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் எந்தக் கவிதைத் தொகுப்பையும்விட அதிகம் புழங்கும் பிரதிகள் அவை. அவற்றின் அறிவியலில் எனக்குக் குறை இல்லை. குறை இலக்கணத்தில்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்குப் போய், 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட புழு இது. அந்த ஆண்டே தமிழ்நாட்டின் மானாவாரி மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஓரிரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும்; ஒரு பெண் பூச்சி ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். ஆகவே யாரும் தன் புஞ்சையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஊரே ஒரே சமயத்தில் விதைப்பது, கோடையில் ஆழ உழுவது, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் போடுவது, முட்டைக் குவியலைப் பொறுக்கி அழிப்பது என்று துண்டறிக்கைகள் சொல்வதெல்லாம் எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் பலிக்கும்.

அந்த 'எல்லோரும்' யார்? வாக்கியங்களைப் பாருங்கள். உழ வேண்டும், இட வேண்டும், சேகரித்து அழிக்க வேண்டும். எல்லாம் 'வேண்டும்' என்று முடிகின்றன. செய்பவர் பெயர் எங்கும் இல்லை. இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். எழுவாய் இல்லை என்று பொருளல்ல. வெளியே தெரியவில்லை என்றுதான் பொருள். தலைப்பில் 'உழவர் பெருமக்கள்' என்ற பலர்பால் விளி இருக்கும். ஆனால் நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் முதுகில் தெளிப்பானை மாட்டிய ஓர் ஆண்தான் நிற்கிறார்.

இப்படியொரு துண்டறிக்கையை வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் போடச் சொன்னேன். பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். உழவுக்கு டிராக்டர்காரர் வந்தார். மருந்தடிக்க அப்பாவும் அண்ணனும் வந்தார்கள். களை எடுக்க, இலையைப் புரட்டி முட்டை பார்க்க, புழுவைப் பொறுக்க, குருத்தில் மணல் போட, மருந்துக்குத் தண்ணீர் சுமக்க அம்மா, சித்தி, மதினி என்று பக்கம் நிறைந்துவிட்டது. புழுவை முதலில் பார்க்கிற கண் அவர்களுடையது. துண்டறிக்கைக்குப் பெண் அந்துப்பூச்சியை நன்றாகத் தெரியும். அதன் வாசனையைப் போலச் செய்து இனக்கவர்ச்சிப் பொறியில் வைத்து ஆண் பூச்சிகளைப் பிடிக்கச் சொல்கிறது. பெண் உழவரை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

இது மொழிக்குள் மட்டும் நிற்கும் பிழை அல்ல. மானியத்துக்கும் பயிர்ச்சேத நிவாரணத்துக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். மகள்களுக்குச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. ஆனாலும் பட்டா பெரும்பாலும் அப்பாவின் பெயரில், மாமனாரின் பெயரில் இருக்கிறது. பட்டாவுக்கு உரியவர் விடிந்ததும் பயர் ஆபீஸ் வண்டியேறிச் சிவகாசிக்குப் போய்விட்டால், பயிற்சிக்கு அழைப்பு யாருக்கு வந்து என்ன? புஞ்சையில் நிற்பவளுக்குச் செய்தி அரைகுறையாக வருகிறது. வட்டாரம் முழுக்கப் போட்ட வேலிக்கு வீட்டு வாசலிலேயே ஓட்டை.

ஆட்டுக்கும் இதே கதைதான். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், நம் அரசூரில். தடுப்பூசி இருக்கிறது, 2030க்குள் உலகிலிருந்தே இதை ஒழிப்பது இலக்கு. மந்தையில் பெரும்பகுதிக்கு ஊசி போட்டால்தான் பரவல் நிற்கும். ஆனால் இரண்டும் மூன்றுமாக ஆடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பகலில் முகாம் போட்டால், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவளின் ஆடு கொட்டத்திலேயே கட்டிக்கிடக்கும். மாட்டு வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்குக் கடைசி மந்தைவரை தடுப்பூசி போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம். ஆப்பிரிக்காவின் எட்டாத மேய்ச்சல் நிலங்களில், ஐஸ் பெட்டி தேவைப்படாத தடுப்பூசியை மேய்ப்பர் சமூகத்தினரே பயிற்சி பெற்றுக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பெண்ணை எழுவாயாக்கினால் வேலை இன்னும் அவள் தலையில்தானே விழும் என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆந்திரத்தில் 2004ஐ ஒட்டி, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புகள் வழியாகப் பூச்சிமருந்தில்லா விவசாயம் ஊர் ஊராகப் பரவியது. ஊரே சேர்ந்து முடிவெடுக்க அங்கே ஓர் அமைப்பு இருந்தது. அதில் பெண்கள் இருந்தார்கள். வேப்பங்கொட்டையை இடித்துக் கரைசல் வடிப்பதும் பெண்களின் வேலையானால், அதற்குக் கூலி உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். எழுவாயாக இருப்பது என்றால் வினையைச் சுமப்பது மட்டுமல்ல; அழைப்பும் பணமும் முடிவும் அவள் பெயருக்கு வருவது.

இதற்கான வாசகம் ஒருமுறை எழுதப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த பெண் உழவர் உரிமை மசோதா, பட்டா இல்லாவிட்டாலும் கிராம சபையின் ஒப்புதலோடு பெண்ணுக்கு உழவர் சான்று தர வழிசொன்னது. நிறைவேறாமலே 2013இல் காலாவதியாகிவிட்டது. அது வரும்வரை சிறிய திருத்தங்களையாவது கேட்போம்: முகாம் வேலை விட்டு வந்த பிறகு நடக்கட்டும், பயிற்சிப் பட்டியலில் புஞ்சையில் நிற்பவள் பெயர் ஏறட்டும், அடுத்த துண்டறிக்கையின் முதல் வாக்கியத்திலேயே எழுவாய் தோன்றட்டும்.